ஏழு சுற்று, ஒரு ஆடு

பிஷ்கேக் நகரத்தின் காற்று சுத்தமாகிவிட்டது! எதிர்வீடே தெரியவில்லையே என்று யாரும் கேட்கக் கூடாது. பஜாருக்குப் பின்னால் ஜரில்பெக் பக்ஷி என்ற மந்திரவாதி வந்து இறங்கியிருக்கிறார். அந்த மகான் தொட்ட வண்டி புகை கக்காது!

நாடு எரிக்கும் எண்ணெயைக் குறைக்க அரசாங்கம் தொண்ணூறு பக்கத்தில் திட்டம் போட்டது. அதில் ஒரு பக்கத்தைத்தான் வேன் ஓட்டுநர்கள் படித்தார்கள்: புகைச் சோதனையில் தேறாத வண்டிக்கு வழித்தட அனுமதி ரத்து. பக்ஷிக்கு அந்த ஒரு பக்கமும் தேவையில்லை. அர்ச்சா என்ற ஊசியிலை மரத்தின் தழை ஒரு கொத்து போதும். கொளுத்தி, வண்டியை ஏழு சுற்று. கண்ணேறு கழிந்தது, புகையும் கழிந்தது. ஆமாம், புகையை விரட்டப் புகை!

தட்சணை அதிகமில்லை. உயிரோடு ஒரு செம்மறி ஆடு.

அன்று காலை வரிசையில் முதல் வண்டி கெஞ்செபெக்குடையது. மதியம் மூன்று மணிக்கு அவனுக்குச் சோதனை. கையில் கயிறு, கயிற்று முனையில் வீட்டின் கடைசி ஆடு. புகைக்குக் காரணமான இன்ஜெக்டரைச் சரிசெய்ய மெக்கானிக் கேட்டதும் ஒரு ஆட்டின் விலைதான். கூடவே கொழுந்தியாள் பாத்மா. மேலே கம்பியில் கரண்ட் வாங்கி ஓடும் டிராலிபஸ்ஸை இருபது வருடம் ஓட்டியவள்.

"அத்தான், ஆட்ட வித்து மெக்கானிக்குக்குக் குடுங்க. அனுமதி போச்சுன்னா எங்கக்காவும் புள்ளைங்களும் என்னத்தத் திங்கிறது?"

"சும்மா இரு புள்ள. அவன் நட்டத்தான் கழட்டுவான். இவரு வினையையே கழட்டுறாரு!"

ஆடு கைமாறியது. பக்ஷியின் சீடர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பக்ஷி புகைக்குழாய் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, "தீட்டக் காட்டு!" என்றார். என்ஜின் உறுமியது. கைக்குட்டை கன்னங்கரேல். கூட்டம் "ஐயோ!" என்றது.

ஏழு சுற்று. ஊரே இருமியது. பிறகு புதுக் கைக்குட்டை. என்ஜின் மெல்ல முனகியது. கைக்குட்டை பால் வெள்ளை! கண்ணீர் விட்டவர்கள் யார்? நாள் முழுக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்தே பிழைக்கும் ஓட்டுநர்கள்.

"பெரியவரே," என்றாள் பாத்மா. "ரெண்டாந் தடவை உங்க சீடருக்குக் கால் வலியா?"

"என்னம்மா உளர்ற?"

"எல்லாரும் துணியப் பாத்தாங்க. நான் காலைப் பாத்தேன். மொதல்ல ஏறி மிதிச்சாரு, பொறவு தொட்டும் தொடாம வெச்சாரு. இப்ப நான் மிதிக்கிறேன், நீங்க துணியப் பிடிங்க."

"பொம்பள ஏறுனா மந்திரம் கலைஞ்சிரும்!"

"இருபது வருஷமா ஏறியிருக்கேன். கரண்டே கலையல!"

கூட்டம் சிரித்துவிட்டது. இனி மறுக்க முடியாது. பாத்மா ஏறினாள், மிதித்தாள். கைக்குட்டை மட்டுமா? பக்ஷியின் வெள்ளைத் தொப்பியும் கறுத்தது.

"பாத்தீங்களா, இவ கண்ணேறு!" என்று அலறினார் பக்ஷி. நாலு தலைகள் ஆமோதித்து ஆடவும் செய்தன.

பாத்மா இறங்கி, வரிசையில் அடுத்த வேனில் ஏறினாள். சுற்று எதுவும் சுற்றாத வண்டி. மிதியை மெல்லத் தொட்டாள். கெஞ்செபெக் தன் கைக்குட்டையைப் பிடித்தான். வெள்ளை.

"இதுக்கு மந்திரம் போட்டது யாரு, என் பூட்ஸா?"

கெஞ்செபெக் தன் ஆட்டைப் பிடித்திருந்தவனிடம் பாய்ந்தான். "கயித்த விடுய்யா!"

முந்தைய நாட்களில் ஆடு கொடுத்தவர்கள் பக்ஷியின் ஆட்டுப்பட்டிக்கு ஓடினார்கள். பக்ஷி ஜீப்பில் ஏறிப் பறந்தார். பின்னால் கிளம்பிய கரும்புகையைப் பார்த்தால், சொந்த ஜீப்பை அவர் ஒரு சுற்றும் சுற்றவில்லை போலிருந்தது.

கதை முடிந்ததா? இல்லை. ஓர் ஓட்டுநர் பாத்மாவின் காதோரம் வந்தான். "அக்கா, சோதனையில நாமளும் மெதுவா மிதிச்சா என்ன?"

"அங்க சோதனை பண்றவங்களே ஏறி மிதிப்பாங்கடா. அவங்கள ஏமாத்தினாலும், ரோட்டோரம் நிக்கிற உம் புள்ள நுரையீரல ஏமாத்துவியா?"

கெஞ்செபெக் அதற்குள் ஆட்டை விற்று மெக்கானிக் கடையில் நின்றிருந்தான். மூன்று மணிச் சோதனையில் தேறினான். மற்றவர்கள்? அடுத்த தெருவில் யாரோ புதிதாக வந்திருக்கிறாராம், தண்ணீரை மந்திரித்து டீசலாக்குகிறாராம். கிளம்பிவிட்டார்கள்.

ஐயா ஓட்டுநர்களே, போகிற வழியில் கொஞ்சம் யோசியுங்கள். யோசித்தால் புகை வராது.