பதினோரு மணிப் பெருமூச்சு

மனித இனம் இதுவரை கண்டறிந்தவற்றுள் ஆகப் பெரியது, துருவக் கடல் கரிம ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், கூட்ட அறைக்குப் பக்கத்து அறையில் கண்டறியப்பட்டது. இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேராததால்தான் உலகம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது.

கண்டுபிடிப்பு இதுதான்: துருவக் கடல் தினமும் காலை பதினோரு மணிக்குப் பெருமூச்சு விடுகிறது.

அந்த அறையில் ஓர் எவர்சில்வர் தொட்டி. அதில் துருவத்திலிருந்து கப்பலேறி வந்த இரண்டாயிரம் லிட்டர் கடல்நீர், உறையாத குறையாகக் குளிர்ந்து கிடந்தது. கடல் எவ்வளவு கரியமில வாயுவைக் குடிக்கிறது, எவ்வளவைத் திருப்பித் தள்ளுகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. தொட்டி மூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, வாயுவை அளக்கும் கருவிக்குப் போகும். கருவி ஒரு கோடு வரையும். இரவெல்லாம் சமர்த்தாகப் படுத்திருக்கும் அந்தக் கோடு, பதினொன்று அடித்ததும் எழுந்து கூரையைத் தொடும். ஒரு மணிக்குமேல் மறுபடி படுத்துக்கொள்ளும்.

இயக்குநர் இதற்குத் "துருவ நாடி" என்று பெயர் வைத்தார். ஊரைவிட்டு வந்த தண்ணீர் ஊர்ப் பழக்கத்தை மறக்கவில்லையே என்று உருகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாடி இல்லாததை ஒருவர் சுட்டிக்காட்டியபோது, "கடலுக்கும் லீவு வேணாமா? நாம என்ன ராட்சசங்களா?" என்று கேட்டார். சுட்டிக்காட்டியவர் மறுவாரமே நூலகத்துக்கு மாற்றலானார். அங்கே நலமாக இருக்கிறார்.

நாடி பிடித்துப் பார்க்கும் பொறுப்பு "இளம் விஞ்ஞானி"யிடம் இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை. இது பத்தொன்பதாவது நீட்டிப்பு. இந்தத் துறையின் மகத்துவமே அதுதான். நிரந்தரப் பணி ஆணை கைக்கு வரும்வரை ஒருவரை விட்டு இளமை போகாது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படியேறும் இளம் விஞ்ஞானிகள் அந்தக் கட்டடத்தில் இன்னும் நாலு பேர் உண்டு.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவள் உள்ளே இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். கழற்ற மறந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால், குளிர்காய்ச்சல்காரி என்று ஜனங்கள் தள்ளி நின்றுகொள்வார்கள்.

இப்படியிருக்கையில், பத்து வருடத்தில் முதன்முறையாக ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவிக்கப்பட்டது. வியாழக்கிழமை நேர்காணல். நாடி பார்த்தவளுக்குத்தான் வேலை என்று வாசல் காவலாளி முதற்கொண்டு பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஏசி மெக்கானிக் வந்தார். வந்தவர் ஏசியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார்.

"மேடம், இந்தக் குழாயை யாரு மாட்டுனது?"

"ஏன்?"

"வாய் பொளந்து கெடக்கு. பாருங்க, விரலே போகுது. ரூம் காத்தை எல்லாம் இழுத்துக்கிட்டிருக்கு."

"இருக்காதுங்க. அது கடல் விடுற மூச்சு."

"கடல் மூச்சு இல்ல மேடம், ஆள் மூச்சு. மீட்டிங் ரூமுக்கும் இதுக்கும் காத்து போற வழி ஒண்ணுதான். அவங்க ஒரு ஜன்னலும் தொறக்குறதில்ல. பதினேழு பேரு ரெண்டு மணி நேரம் பேசுற காத்து வேற எங்க போகும்? உங்க வீட்டுக்கா போகும்?"

ஆய்வுக் கூட்டம் பதினோரு மணிக்குத் தொடங்கும். ஒரு மணிக்கு முடியும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவளுக்கு இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் வேர்த்தது.

"டேப் சுத்திடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"ஐயோ, தொடாதீங்கண்ணே!"

"டேப்புக்குன்னு தனியா காசு கேக்க மாட்டேன் மேடம்."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர்; எதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"ஓட்டை எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா இருக்கும்."

"ரெண்டு வருஷம் இருந்த ஓட்டை இன்னும் மூணு நாள் இருந்துட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை கண்டுபிடி."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சும்மா இருன்னுதானே சொல்றேன்? பத்து வருஷமா தெனம் டிக்கெட் வாங்கிப் போறவ நீ. பாஸ் கைக்கு வர்ற அன்னிக்குப் போய் டிரைவர்கிட்ட சண்டை போடுவியா?"

"செய்யாத தப்புக்குக் கடல்மேல பழி போடுறாங்கங்க."

"கடலா உனக்குச் சம்பளம் போடுது?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவி முடித்ததும் குழாயை மட்டும் இரண்டு தரம் இறுக்கி மூடினாள்.

வியாழக்கிழமை அதே கூட்ட அறையில் நேர்காணல். இயக்குநரும் மூன்று நிபுணர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த திரையில் கோடு கம்பீரமாக ஏறிக்கொண்டிருந்தது.

"துருவ நாடிக்குக் காரணம் என்ன? சுருக்கமாச் சொல்லும்மா" என்றார் இயக்குநர்.

மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

"நீங்க பேசுறதுதான் சார் காரணம்."

"என்னது?"

"நீங்க பேசுனா கோடு ஏறுது. நிறுத்துனா எறங்குது. வேணும்னா ஜன்னலைத் தொறந்து வச்சிட்டு எல்லாரும் அரை மணி நேரம் வெளிய நில்லுங்க. தெரிஞ்சிடும்."

நால்வரும் வராந்தாவில் போய் நின்றார்கள். இயக்குநர் பதவியேற்ற பின் வாய்மூடி நின்ற முதல் அரை மணி நேரம் அது என்பது நிறுவன வரலாறு. திரும்பி வந்தால், கோடு படுத்திருந்தது. இயக்குநர் ஜன்னல்களை மூடச் சொல்லி, அது ஏன் படுத்தது என்று இருபது நிமிடம் விளக்கினார். கோடு எழுந்து உட்கார்ந்தது.

"அதாவது சார், அந்தக் குழாய்ல ஒரு ஓட்டை..."

இயக்குநரின் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்குப் பதில் சொல்லுது! கடல் எனக்குப் பதில் சொல்லுதுய்யா!"

"இத்தனை நாளா நாமதான் கடலை ஆராயுறோம்னு நெனச்சிட்டிருந்தோம்" என்று முதல் நிபுணர் தழுதழுத்தார்.

"காது குடுத்துக் கேக்குது சார்!" என்றார் இரண்டாமவர்.

"டீ வந்திருச்சா?" என்று கேட்டபடி மூன்றாமவர் கண் விழித்தார்.

"சார், ஓட்டை சார்..."

"அதையெல்லாம் பராமரிப்புப் பிரிவு பாத்துக்கும்மா. நீ பெரிய காரியம் பண்ணியிருக்கே. சின்ன விஷயத்துல மனசை விடாதே."

அன்று மாலையே பணி ஆணை தயாரானது. "இயக்குநர் அவர்களின் குரலுக்குத் துருவக் கடல் செவிசாய்ப்பதை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தமைக்காக" என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதை விளக்கடியில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நிரந்தரம்னுதான் போட்டிருக்கு. இனிமே உன்னை எந்த ஸ்டாப்புலயும் எறக்கிவிட முடியாது."

"நிச்சயமா முடியாதா?"

அவள் கேட்ட விதம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மறுநாள் குழாய்க்கு டேப் சுற்றினாள். கோடு படுத்தது, பதினோரு மணிக்கும் எழவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினாள்.

அந்த நிறுவனத்தில் ஓர் உயர்ந்த மரபு உண்டு. யார் கட்டுரை எழுதினாலும் கூட்டத்துக்கு வரும் பதினேழு பேரும் அதன் ஆசிரியர்கள். இடம் மிஞ்சினால் எழுதியவர் பெயரும் சேரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டுரையைப் படித்து யாரும் பொன்னான நேரத்தை வீணாக்குவதில்லை. இந்தக் கட்டுரையும் பதினோரு மணிக் கூட்டத்தில் சுற்றுக்கு விடப்பட்டு, நாலே நிமிடத்தில் பதினேழு கையெழுத்துகளோடு திரும்பி வந்தது. முதல் கையெழுத்து பச்சை மையில், இயக்குநருடையது. எழுதியவளுக்கு இடம் மிஞ்சவில்லை. அவளும் அதற்காக முறையிடவில்லை.

உலகின் தலைசிறந்த கடல் ஆய்விதழில் அது அப்படியே அச்சேறியது. அதன் கடைசிப் பத்தி பின்வருமாறு:

"இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பதினோரு மணிக்கு அளக்கப்பட்ட வாயுவில் கடல் வெளியிட்டது ஒரு துளியும் இல்லை. நாம் தள்ளியதையெல்லாம் அது வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெளியிட்டவர்கள் நாங்கள்தான் என்பதைக் கீழே கையொப்பமிட்டுள்ள பதினேழு பேரும் இதன்மூலம் ஒப்புக்கொள்கிறோம்."