ஒல்லாந்தார் வீட்டுக் கேதம்

ராஜபாளையத்தில் நாய்க்குக்கூட வம்சம் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் வம்சம் சொல்லியே பேர் வாங்கியவர் ஒருவர்தான். ஒல்லாந்தார். அவருக்கு முன்னால் அப்படி ஓர் ஆள் பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்கப்போவதில்லை.

எண்பதுகளில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். அவர் பிட்டர். நான் பஞ்சு பேல் சுமப்பவன். ஒரே தெரு. அவர் பெயருக்குப் பின்னால் ஒரு வால் பெயர் உண்டு. பேர் கூப்பிடும் கிளார்க் அதைப் படிக்கும் முன் தண்ணீர் குடித்துக்கொள்வார். கண் பூனைக்கண். நிறம் மட்டும் மிஷின் ஆயில்.

அவர் சொல்லும் கதை இதுதான். அமெரிக்கா ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கையிலும் இங்கிலீஷ்காரர்கள் கையிலும் மாறி மாறிக் கிடந்த காலத்தில், ஒல்லாந்து தேசத்திலிருந்து கொர்நேலியு என்று ஒருவர் போய் ஓர் ஆற்றங்கரையில் காடு வெட்டிக் குடியேறினார். அவர் மகன் ஒருவன் கோபித்துக்கொண்டு கப்பல் ஏறினான். கப்பல் எங்கெங்கோ சுற்றித் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. அப்போது தூத்துக்குடியும் ஒல்லாந்துக்காரர்கள் கையில். பையன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினான். அந்த வழியில் வந்தவர் நம்மாள்.

இதைச் சொன்னது அவருடைய அப்பா. "நம்ம தாத்தா அமெரிக்காவுல இருக்காரு" என்று முடித்தாராம். சீக்கிரமே அப்பாவும் போய்விட்டார். ஒல்லாந்தார் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் விடுதியில் வளர்ந்தார். அண்ணன் தம்பி இல்லை. பெரியப்பன் சித்தப்பன் இல்லை. வால் பெயரும் அந்தத் தாத்தாவும்தான் சொத்து.

அந்தத் தாத்தா செத்துவிட்டார் என்று அவர் முன்னால் சொல்ல முடியாது.

"அண்ணே, அவிய போயி முந்நூறு வருசம் இருக்குமே" என்றேன் ஒரு தடவை.

"ஏலே, துட்டி சேதி வந்துச்சா?"

"வரல."

"பொறவு எப்பிடிலே செத்தாருன்னு சொல்லுத? சேதி வராம நாமளா தல முழுகக் கூடாது."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளை மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். கோபுரம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை மடக்குவார். "யூ அமெரிக்கா? மை கிராண்ட்பாதர், யூ நோ?" ஒரு ஜெர்மன்காரர் தேர்முட்டி வரைக்கும் ஓடினார். ஒரு அம்மாள் இவரைப் பார்த்துப் பாவப்பட்டுப் பேனா கொடுத்தார். "பேனா எவன் கேட்டான்? தாத்தாவைல்லா கேட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரே ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள். அமெரிக்காவில் பள்ளிக்கூட டீச்சர். கேரல் அம்மா என்று பேர். மார்கழி லீவில் கோயில் பார்க்க வந்தவள். வால் பெயரை எழுதச் சொல்லிப் பார்த்தாள். "எங்க ஊர்ல இந்தப் பேரு உண்டு. விசாரிச்சு அடுத்த மார்கழிக்கு வந்து சொல்லுதேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் தளவாய்புரத்து வரன் வந்தது. ஒல்லாந்தாருக்கு ஒரே மகள், எஸ்தர். தாயில்லாப் பிள்ளை. மாப்பிள்ளை பட்டாளத்தில். மாப்பிள்ளையின் அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. எஸ்தர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். ஏட்டையா காபியைக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாஞ் சரி. உங்க பங்காளிய யாரு?"

ஒல்லாந்தார் காலி தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பங்காளி இல்லாத வீட்டுல எப்பிடிப் பொண்ணெடுக்க? நல்லது கெட்டதுக்கு வாசல்ல நிக்க ஆளு வேணாமா?"

"இருக்காருல்லா. எங்க தாத்தா. அமெரிக்காவுல."

"அப்பம் காட்டுங்க. தை பொறக்க மட்டும் பொறுக்கேன்" என்று எழுந்தார் ஏட்டையா.

அன்றிலிருந்து எஸ்தர் கல்யாணம் அமெரிக்காவில் போய் மாட்டிக்கொண்டது.

மார்கழி பிறந்தது. சொன்னபடி கேரல் அம்மா வந்துவிட்டாள். தெருவே ஒல்லாந்தார் வீட்டில் கூடிவிட்டது. கிருஷ்ணன்கோவில் காலேஜ் வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொன்னார்.

கொர்நேலியு வந்து இறங்கியது. மரம் வெட்டியது. மாட்டுத் தொழுவம் கட்டியது. பனியில் தொழுவம் இடிந்தது. மறுபடி கட்டியது. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பிறகு பன்றி வந்தது. கொர்நேலியுவின் பன்றி பக்கத்துக் காட்டுக்காரன் சோளத்தில் இறங்கிவிட்டது. வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது.

"பன்னிக்கு என்ன தெரியும்? வேலி போட வேண்டியது அவன் பாடு" என்றார் டீக்கடை பாய். பன்றியைப் பற்றிப் பாய் பேசி அன்றைக்குத்தான் கேட்டோம்.

"வெள்ளாமைய அழிச்சா விட்டுருவாகளா?" என்றாள் எதிர்வீட்டு மாரியம்மா.

தெரு இரண்டாகப் பிரிந்தது. கையை ஓங்கிவிட்டார்கள். வாத்தியார் குறுக்கே நின்று கத்தினார். "தாத்தா ஜெயிச்சிட்டாரு! கேஸ் தள்ளுபடி!" கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒல்லாந்தார் எல்லோருக்கும் மிக்சர் கொடுத்தார்.

"பொறவு?" என்று கேட்டதும் அவர்தான்.

கேரல் அம்மா பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தாள். பாசி பிடித்த கல். வால் பெயர் செதுக்கியிருந்தது. வாத்தியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது அவிய கல்லறை."

ஒல்லாந்தார் போட்டோவையே பார்த்தார். மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"எய்யா தாத்தா! என்னைய விட்டுப் போயிட்டீயளே!"

தரையில் விழுந்துவிட்டார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். காட்டுவதற்கு இருந்த ஒரு பங்காளியும் போய்விட்டார். தை பிறக்க ஒரு மாதம்கூட இல்லை.

ஒல்லாந்தார் எழுந்து முகம் கழுவினார். நேராகச் சர்ச்சுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"உடம்பு இல்லாம எப்பிடிய்யா அடக்க ஜெபம்?" என்றார் பாதிரியார்.

"அடக்கம் அங்க ஆயிருச்சு ஐயா. இங்க கேதம் மட்டுந்தான் பாக்கி."

அடுத்து மில். சூப்பர்வைசர் எங்கள் ஊர்த் தெலுங்குக்காரர், ராஜு. தாத்தா செத்தார் என்றதும் "எப்புடு?" என்றார் தெலுங்கில், எப்போது என்று.

"முந்நூறு வருசம் ஆச்சு சார். சேதி இப்பத்தான் வந்துச்சு."

சூப்பர்வைசர் யோசித்தார். தாத்தா செத்தால் லீவு உண்டு. எப்போது செத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பந்தல் போட்டார்கள். எங்கள் பக்கம் சாவு விழுந்த கேத வீட்டு வாசலில் பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும். வரிசையின் நீளத்தை வைத்துத்தான் குடும்பத்துக்கு மதிப்பு.

முதலில் போனவன் நான். வாசலில் ஒல்லாந்தார் ஒற்றை ஆளாக நின்றார். கையை நீட்டினார். தொட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி அவர் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்து டீக்கடை பாய் வந்தார். இரண்டு கையைத் தொட்டார். எனக்கு அடுத்து நின்றார். பிறகு வாத்தியார். பிறகு மில் ஆட்கள். ஷிப்டு முடிந்து வந்தவன் எல்லாம் தொட்டான், நின்றான். சூப்பர்வைசர் ராஜுவும் வந்தார். மாலையை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டுக் கடைசியில் நின்றார். வரிசை தெருமுனை திரும்பிவிட்டது. கேதம் கேட்க ஆளில்லை. எல்லோரும் கேதக்காரர்கள்.

உள்ளே பெண்கள் நடுவில் கேரல் அம்மா சம்மணம் போட்டு அழுதாள். மாரியம்மா ஒப்பாரி எடுத்தாள்.

"காடு வெட்டி வீடு கட்டி
கடலோரம் போன சாமி
பன்னி வழக்கு ஜெயிச்ச கையி
பந்தலுக்கு வரலியே!"

நேற்று பன்றிக்கு எதிர்க்கட்சியில் இருந்தவள் அவள்தான்.

அப்போது தளவாய்புரம் பஸ் வந்து நின்றது. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் துட்டி என்றால் வராமல் இருக்க முடியாது. ஏட்டையா இறங்கினார். வரிசையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

கடைசியில் நின்ற ராஜுவின் கையைத் தொட்டார். "நீங்க என்ன வேணும்?"

"மா தாத்தய்யா" என்றார் ராஜு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்கள் தாத்தா என்று அர்த்தம்.

ஏட்டையா நகர்ந்தார். தொட்டுக்கொண்டே வந்தார். பாதியில் வலது கை ஓய்ந்து இடது கையால் தாங்கிக்கொண்டார். பாயிடம் வந்ததும் நின்றேவிட்டார்.

"பாய், ஒல்லாந்துக்காரர் உமக்குந் தாத்தாவா?"

"பெரிய குடும்பம் ஏட்டையா. ஒவ்வொண்ணாக் கேக்காதீய."

போலீசில் இருந்தவர். பொய்யைப் பார்த்தே வயசானவர். எங்கள் பொய் தெரியாமலா இருக்கும்? என் கையைத் தொட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒல்லாந்தார் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"துட்டி வீட்டுல இதப் பேசக் கூடாது. மன்னிச்சுக்கோங்க. தை பொறந்ததும் தேதி குறிப்போம், சம்பந்தி. இம்புட்டு பங்காளிக்குச் சோறு போடணும். பெரிய மண்டபமாப் பாருங்க."

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. கேத வீடு என்று ஞாபகம் வந்து எல்லோரும் வாயை மூடினோம். உள்ளே எஸ்தர் மட்டும் மூடவில்லை. அவள் சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு நானும் அவரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். ஒல்லாந்தார் போட்டோவை மடியில் வைத்திருந்தார்.

"ஏலே, இன்னிக்கி இருந்து பாத்திருக்கணும்லே எங்க தாத்தா."

"நம்ம தாத்தாண்ணே" என்றேன்.