மதாம் மொர்வில் கண்ணாடிக்காரிகள்

கண்டியில் குரங்குகளுக்கு அடுத்தபடியாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய ஓர் இனம் இருக்கிறது. பெண்கள்தான். நானும் ஒரு பெண் என்பதால் துணிந்து சொல்கிறேன். மொர்வில் கண்ணாடிக்காரிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். உங்களோடு பேசும்போது உங்கள் முகத்துக்கு நேரே பார்க்க மாட்டார்கள். கன்னத்தைத் திருப்பியே வைத்திருப்பார்கள். கோபமோ, கழுத்துப் பிடிப்போ என்று பயந்துவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடியின் காதுப்பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. அது உங்கள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். கலியாண வீட்டில் படம் பிடிக்கிறவர் ‘நேரா பாருங்க, நேரா பாருங்க’ என்று தொண்டை வறளக் கெஞ்சினாலும், ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பக்கவாட்டிலேயே நிற்பார்கள். வாவிக்கரையில் மழை கொட்டும்போது கறுப்புக் கண்ணாடியோடு ஒருத்தி நடந்து போனால், சந்தேகமே வேண்டாம், அவளேதான்.

மதாம் மொர்வில் யார்? தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், பஸ்ஸைத் தவறவிட்டேன். பாரிசில் தையற்கடை வைத்திருந்த அம்மாளாம். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்த காலத்தில் தளர்வான சட்டையும் பை வைத்த பாவாடையும் தைத்துக் கொடுத்தாராம். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவான் என்று எல்லாரும் அதைக் கைப்பையில் ஒளித்து வைத்தபோது, ஓரம் தூக்கிய பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைச் செய்து, தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு நடுவீதியில் நடந்தாராம். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பெண் அகலக் கண்ணாடி போட்டாலும் அதில் அந்த அம்மாளின் கை இருக்கிறதாம். கேட்கக் கேட்க எனக்கே மரியாதை வந்துவிட்டது. வெட்கப்படாமல் போடு, நன்றாகப் பார் என்று சொன்ன மனுஷி அல்லவா? நம்மவர்கள் ‘போடு’ வரைக்கும் கேட்டார்கள்.

இந்த வரலாற்றை எனக்குச் சொன்னவர் பரிமளம். அம்பிட்டியவில் என் பக்கத்து வீட்டுக்காரி, அரசாங்க உத்தியோகம். துபாயிலிருக்கும் தங்கை சஞ்சீவனி அவருக்கு ஒரு மொர்வில் சட்டம் அனுப்பியிருந்தாள். இந்தச் சட்டங்கள் கடைக்கு வரும்போது, உருக் கெடாமல் இருக்க, வில்லைக்குப் பதிலாகச் சும்மா ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு, அதன் மூலையில் மதாமின் பெயரை அச்சடித்திருப்பார்கள். வாங்கியவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் பார்வைக்கு ஏற்ற வில்லையை மாட்டிக்கொள்ள வேண்டும். டவுனில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் முஹ்ஸினும் வியாபாரம் ஆகும் என்ற நம்பிக்கையில் இதைத்தான் சொன்னார்.

“இதுல பவர் ஒன்டும் இல்ல அக்கா. மாத்தாட்டி பக்கத்துல ஈக்கிற ஆளையும் தெரியாது.”

மாற்றினால் பெயர் இருக்குமா என்று பரிமளம் கேட்டார். இருக்காது என்றார் முஹ்ஸின். காதோரத்து முத்திரை மட்டும் போதுமா? பெயர் போன பிறகு, நேரே பார்க்கிறவர்களுக்கு அது யாருடைய கண்ணாடி என்று எப்படித் தெரியும்? பரிமளம் சட்டத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீதியில் நான் எதிரே வந்தும் பேசாமல் போவதும், கொடியில் காயும் என் சேலையிடம் ‘சொகமா இருக்கீங்களா’ என்று கேட்பதும் வழக்கமாயிற்று.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். இனி அவர் மகள் தர்ஷனாவின் கதை. நாவலப்பிட்டி தினுஷனைத்தான் கட்டுவேன் என்று நின்று, அழுது, பட்டினி கிடந்து, இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். தினுஷனின் அப்பா சண்முகநாதன் புடவைக்கடை முதலாளி. கோபம் மூக்கு நுனியில். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ‘உக்காருங்க’ என்று சொல்லச் சற்றே தாமதித்தார்களாம். வந்த வழியே திரும்பிவிட்டார். அப்பேர்ப்பட்டவர் பூ வைக்க வருகிறேன் என்று நாள் சொன்னார். ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் தர்ஷனாவின் கலியாணம் அத்தோடு சரி.

அன்றைக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். தர்ஷனா தாயின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னைக்கு மட்டும் பழைய கண்ணாடிய போட்டுக்கங்களேன்.”

“டவுன்காரி இவ்வளவுதானான்னு நெனைக்கவா? நீ போய்ப் பூ வச்சிக்க.”

வேன் வந்து நின்றது. முன்கதவு வழியாக, வெள்ளைச் சட்டையும் எடுப்பான தொந்தியுமாக ஒருவர் இறங்கினார். டிரைவர் ஜெயராஜ். பரிமளம் கன்னத்தைத் திருப்பியபடியே கைகூப்பி, சம்பந்தி வாங்க, இந்த வீடு இனி உங்க வீடு என்று அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பெரிய கதிரையில் உட்கார வைத்தார். அந்த மனுஷனும் மரியாதையாகச் சொன்னால் தட்டக்கூடாதே என்று உட்கார்ந்துவிட்டார். பின்கதவு வழியாகப் பழத்தட்டோடு இறங்கிய சண்முகநாதன் வாசலில் நின்றார்; பூச்சரத்தோடு இறங்கிய அவர் மனைவி கமலம் அம்மாள் முன்னாலேயே உள்ளே போய்விட்டார். பரிமளம் திரும்பி வந்தார்.

“தட்ட வச்சிட்டு வேன அந்த வளைவுல போடுங்க தம்பி. சாப்பாடு பொறகு தருவாங்க.”

தேநீர்த் தட்டோடு அறை வாசலுக்கு வந்த தர்ஷனா இதைக் கேட்டதும் தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் தட்டோடு கூடத்தில் விழித்துக்கொண்டு நின்றேன். வாசலில் சண்முகநாதன் குரல் கேட்டது.

“கமலம், வா போவோம். இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“எப்புடிங்க வர்றது? மருமகளுக்குப் பூ வச்சிட்டேனே,” என்றது என் காதருகில் ஒரு குரல்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கலியாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பட்டுச் சேலை கட்டித் தேநீர்த் தட்டு ஏந்தி நின்ற ஒரே குற்றத்துக்காக, கமலம் அம்மாள் என் நரைத்த கொண்டையில் ஒரு முழ மல்லிகையைச் செருகி, என் தாடையை வேறு தடவிக்கொண்டிருந்தார். அவர் மூக்கைப் பார்த்தேன். ஓரம் தூக்கிய பெரிய சட்டம். மூலையில் பொன்னெழுத்தில் மதாமின் பெயர்.

சண்முகநாதன் உள்ளே வந்தார். தன் வருங்கால மருமகளாகிய என்னைப் பார்த்தார். மனைவியின் மூக்கைப் பார்த்தார். பிறகு பரிமளத்தின் மூக்கைப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே கிடைத்த கதிரையில் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் தங்கச்சி,” என்றார் பரிமளத்திடம்.

கலியாணம் தப்பிப் பிழைத்தது. கமலம் அம்மாள் வேறு சரம் எடுத்துக்கொண்டு பெண்ணைத் தேடினார். தர்ஷனா வந்தாள். நேரே தாயிடம் போனாள். மொர்விலைக் கழற்றினாள். பழைய கண்ணாடியை மாட்டிவிட்டாள். பரிமளம் மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணிமை இரண்டும் வீங்கிக் கிடந்தன.

“எப்ப இருந்துடி அழுவுற?”

“காலையில இருந்து, அம்மா. உங்க முன்னாலதான்.”

அதற்குப் பிறகு அன்று முழுவதும் பரிமளம் யாருக்கும் கன்னத்தைக் காட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கேலி செய்ய ஒருத்தி அகப்பட்டாள் என்று சந்தோஷம். நான் ஆம்பிளை, நான் கண்ணாடியே போடுவதில்லை, அந்த மதாமின் பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்கிறீர்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிப் போனாரே, அவர் முகம் எப்படி இருந்தது?