குசினிக்குக் கீழே ஒரு சீனக் கிழவி

யோகராணி சீனாவுக்குப் போகக்கூடாது. வானம் இடிந்து விழுந்தாலும் போகக்கூடாது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், முகம் நிறையச் சவர நுரையோடு நின்று, இராசநாயகம் இந்தத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினார். எதிர்த்து வாக்களிக்க அங்கே ஆள் இல்லை. வாக்களிக்கக்கூடிய ஒரே ஆள் குசினியில் அவருக்கு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள்.

சங்கதி இதுதான். யோகராணிக்கு முழங்கால் நோ. டாக்டர் சொன்னாரென்று, புதன்கிழமைகளில் ஆக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபத்தில் மிஸஸ் ஃபோங் என்ற சீன அம்மா நடத்தும் தாய் சீ என்ற சீன உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். அது என்ன வகுப்பு, அங்கே என்ன செய்கிறார்கள், கூட யார் யார் வருகிறார்கள் என்று இராசநாயகம் இரண்டு வருடமாக ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. புதன்கிழமைச் சாப்பாடு மேசையில் மூடியிருக்கும். மனுசனுக்கு அது போதும். இப்போது மிஸஸ் ஃபோங் வகுப்பாரைக் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், சீனாவுக்குப் போகிறாராம். கன்டன், குயிலின், பீக்கிங். ஒவ்வொரு ஊரிலும் விடிய எழும்பி, பூங்காவில் அந்த ஊர்க்காரரோடு நின்று பழகுவதாம்.

"நான் பேர் குடுத்திட்டன்" என்றாள் யோகராணி.

"அப்ப எனக்கு ஆர் சமைக்கிறது?"

"நீங்கள்தான்."

இராசநாயகம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இராசநாயகம் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய பண்டகசாலைக்கு மேற்பார்வையாளர். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொந்த வீட்டில் தேயிலைப் பேணி எங்கே என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் சொல்லமாட்டார். பிள்ளைகள் இல்லை. 'வளர்க்கிறதுக்கு இவர் ஒராள் காணும்' என்பாள் யோகராணி.

நேரே மறித்துப் பார்க்கலாம்தான். ஆனால் கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் அவளோடு வாதாடி அவர் வென்ற வழக்கு ஒன்றும் இல்லை. வேறு வழிதான் பார்க்கவேண்டும். அவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. பயம். கூரையில் பொசம் என்ற மரப்பிராணி ஓடி, சளி பிடித்த கிழவன் மாதிரி இருமினாலே 'ஐயோ இஞ்சாருங்கோ' என்று கட்டிலில் இந்தப் பக்கம் நகர்ந்து வருவாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

ஜூன் மாதம், ஆக்லண்டில் குளிர்காலம். ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, மர வீடு ஈரத்தில் முனகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உமக்குத் தெரியுமோ? இந்த வீடு கட்ட முந்தி இது சீனாக்காரரின்ர தோட்டமாம்."

"ஆர் சொன்னது?"

"வேலையிடத்திலை ஒரு கிழட்டு வெள்ளைக்காரன்." அப்படி ஒருவனும் இல்லை. "ஒரு சீனக் கிழவி வெங்காயத்தாள் நட்டுக்கொண்டு தனிய இருந்தவவாம். செத்தாப் பிறகு எலும்பை ஊருக்கு அனுப்ப ஒருத்தருமில்லை. இப்பவும் சீனாவுக்குப் போக வெளிக்கிடுற ஆக்களைக் கண்டால் பின்னாலை வருவாவாம். மெல்லத் தோளிலை ஏறுவாவாம்."

யோகராணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் மெதுவாகத் தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். இராசநாயகத்துக்குப் பரம சந்தோசம். இப்படி ஒரு திறமையை வைத்துக்கொண்டு இத்தனை காலம் பெட்டி அடுக்கினோமே என்று கவலைகூட வந்தது.

அடுத்த நாள் விடிய, மண் ஒட்டிய வெங்காயத்தாள் ஒன்றைப் பின்வாசல் படியில் வைத்தார். மரக்கறிக் கடையில் வாங்கி, தண்ணீர் தெளித்து, தன் கையாலேயே மண் பூசியது. யோகராணி கதவைத் திறந்து 'ஐயோ' என்றாள். செவ்வாய்க்கிழமையும் வைத்தார். 'ஐயோ' இன்னும் கொஞ்சம் நீண்டது. இனிப் போதும், பேரை வெட்டிவிடுவாள் என்று நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகச் சப்பாத்துக்குள் காலை விட்டார். உள்ளே ஏதோ குளிர்ந்தது. இழுத்து எடுத்தார். வெங்காயத்தாள். வேரும் ஈர மண்ணுமாக.

அதை அவர் வைக்கவில்லை.

யோகராணியோ என்று எட்டிப் பார்த்தார். அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பிள்ளையார் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி இருந்தாள். பாவம், இவள் எங்கே இதைச் செய்ய. அன்றைக்கு முழுக்க அவருடைய வலது கால் மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை விடியப்புறம் கண் விழித்தபோது கட்டிலில் பக்கத்து இடம் சில்லிட்டிருந்தது. எழும்பி ஹாலுக்குப் போனார். திரைச்சீலை திறந்து கிடந்தது. வெளியே பனிமூட்டம் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, யோகராணி நின்றாள்.

முழங்கால்கள் மெல்ல மடிந்தன. கைகள் தம் பாட்டில் மேலே எழும்பின, தண்ணீருக்குள் எழும்புவதுபோல. கண்ணுக்குத் தெரியாத ஒரு குடத்தைத் தூக்கி, வயிற்றோடு அணைத்து, சத்தமில்லாமல் திரும்பி, மற்றப் பக்கம் வைத்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கினாள். முழங்கால் நோக்காரி, ஆடாமல் அசையாமல் ஒற்றைக்காலில் நின்றாள்.

"யோகம்?"

தலை திரும்பவில்லை. இடுப்புத் திரும்பியது. பிறகு தோள். தலை கடைசியில்தான் வந்தது. கண் அவர் பக்கம் பார்த்தது, ஆனால் அவரைக் காணவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் காற்றைத் தள்ளிக்கொண்டு அவரை நோக்கி வந்தன.

"ஆரடா நீ?"

அவளுடைய குரல்தான். ஆனால் 'நீங்கள்' தவிர வேறொன்றும் அவரைச் சொல்லாத வாய் அது.

"நான்... இராசநாயகம். இந்த வீட்டுக்காரன்."

"இது என்ர தோட்டம். என்ர கிணறு எங்கை?"

"கிணறோ? நான் கிணறெண்டு ஒண்டும் சொல்லேல்லையே!"

"நீ சொல்லாட்டி இல்லையெண்டாகுமோ? உன்ர குசினிக்குக் கீழை கிடக்கு. அதுக்குள்ளைதான் நானும் கிடக்கிறன்."

கைகள் மெல்லக் கீழே இறங்கின. யோகராணி கண்ணைச் சிமிட்டினாள்.

"என்னப்பா, இதிலை ஏன் நிக்கிறியள்? சாரத்தைப் பிடியுங்கோ, அவிழப்போகுது."

சாரத்தைப் பிடித்துக்கொண்டே அவர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பக்கத்து வீட்டுச் சுப்பம்மா பிஜிக்காரி. லம்பாசாவில் தீமிதி பார்த்து வளர்ந்தவள். சாமி, பேய் இரண்டோடும் பழக்கமுள்ளவள் என்று பேர். கேட்டதும் நெற்றியைச் சுருக்கினாள். "சாயங்காலம் வரேண்ணே. அதுவரைக்கும் அதுகூட வாயக் குடுக்காதீங்க" என்றாள்.

பொழுதுபடச் சுப்பம்மா கற்பூரமும் எலுமிச்சம்பழமுமாக வந்தாள். யோகராணியை ஹால் நடுவில் இருத்தி, லைட்டை அணைத்தாள். கற்பூரம் எரிந்தது. யோகராணியின் கைகள் மடியிலிருந்து எழும்பத் தொடங்கின.

"யாரு வந்திருக்கிறது?"

"தோட்டக்காரி."

இராசநாயகம் சுப்பம்மாவின் காதுக்குள் கேட்டார். "சீனக் கிழவிக்கு எப்பிடித் தமிழ் தெரியும்?"

"ஏறின ஒடம்புக்கு எந்தப் பாஷையோ அதத்தான் பேசும். நாக்கு இவங்களோடதுதானே?"

நியாயமாகத்தான் பட்டது.

"என்ன குடுத்தா போவே? கோழி வேணுமா? சேலை வேணுமா?" என்றாள் சுப்பம்மா.

"கோழி வேண்டாம். நான் ஊருக்குப் போகோணும். கன்டனுக்கு. இவளின்ர தோளிலை இருந்து போய் அங்கை இறங்குவன்."

இராசநாயகம் கையைக் கூப்பினார். "அம்மா, உங்கட தோட்டத்து மண்ணிலை ஒரு பிடியைப் பார்சல் பண்ணி அனுப்பினால் காணாதோ?"

"பார்சலிலை போக நான் என்ன மிளகாய்த்தூளோடா?"

கற்பூரம் படபடத்தது. இராசநாயகமும் படபடத்தார். "சரி சரி, போகட்டும்! போயிட்டு வரட்டும்! நான் மறிக்கேல்லை!"

"இன்னொண்டு. போகுமட்டும் இவள் குசினிக்குள்ளை கால் வைக்கக்கூடாது. வைச்சால் கீழை இழுத்துப்போடுவன்."

"அப்ப ஆர் சமைக்கிறது?" வாய் தன் பாட்டில் கேட்டுவிட்டது.

கிழவியின் உள்ளங்கைகள் இரண்டும் மெல்ல, மிக மெல்ல, அவர் பக்கம் திரும்பின.

மறுநாள் தொடங்கி இராசநாயகம் குசினியில் நின்றார். யோகராணி வாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருந்துகொண்டு, அரிசிக்கு எத்தனை தண்ணீர், பருப்புக்கு எப்போது உப்பு என்று தன் பழைய குரலிலேயே சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கிண்டினார். சிங்கில் தண்ணீர் இறங்கி முடியும்போது, தரைக்குக் கீழே யாரோ மிடறு விழுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தம் இருந்திருக்கும். இவர் குசினிப் பக்கம் வந்தால்தானே கேட்க.

"அம்மா, நான்தான் நிக்கிறன். இராசநாயகம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பையே மூட்டுவார். பருப்பு அடிப்பிடித்த நாட்களில் வாசலிலிருந்து பழைய குரல் வராது. "என்னடா மணக்குது?" என்றுதான் வரும். அவர் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவார்.

ஒருநாள் பின்னேரம் யோகராணி பழக்கதோசத்தில் எழும்பி, உப்புப் போத்தலை எடுக்க உள்ளே காலைத் தூக்கினாள். இராசநாயகம் அகப்பையோடு பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"வராதையும்! நான் எடுத்துத் தாறன்!" அவருக்குக் கண் கலங்கியது. "கீழை இழுத்தா நான் என்ன செய்வன்? நீர் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கு, யோகம்?"

யோகராணி தூக்கிய காலோடு நின்று அவரையே பார்த்தாள். பிறகு போய்க் கதிரையில் இருந்துவிட்டாள். அன்று கத்தரிக்காய்க் கறியில் உப்பே இல்லை. அவள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவருக்கு மனம் கேட்கவில்லை. வேலிக்கு மேலால் சுப்பம்மாவைக் கூப்பிட்டு உண்மையைக் கக்கினார். "சுப்பம்மா, உந்தக் கிழவி நான் கட்டின கதை. அப்பிடி ஒருத்தி இல்லவே இல்லை. பேந்தெப்பிடி வந்தவ?"

சுப்பம்மா துணியைக் காயப்போடுவதை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "கதையா கூப்பிட்டாலும் கூப்பிட்டது நீங்கதானே? கூப்பிட்டா வரும்ணே."

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஜூலை போய், மீன்குழம்பு வைக்கப் பழகிய ஓகஸ்டும் போய், செப்டம்பரும் வந்தது.

மாங்கரே விமான நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் இராசநாயகமேதான். தள்ளுவண்டியில் கொஞ்சம் இடமும் விட்டிருந்தார், கிழவிக்கு. மிஸஸ் ஃபோங் கைகொடுத்தார். வகுப்பார் நின்றார்கள்: நரைத்த வெள்ளைக்காரப் பெண்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவர்களுக்கு நடுவில் புதுச் சப்பாத்தும் பயணப் பையுமாகச் சுப்பம்மா.

"நீங்களும் சீனாவுக்கோ?"

"ஆமாண்ணே. நானும் மிஸஸ் ஃபோங் கிளாஸ்தான்."

நல்லது, வழியில் கிழவி ஏதும் செய்தால் பார்க்க ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். யோகராணியின் தோளுக்குக் கிட்டக் குனிந்து, "அம்மா, சொன்ன சொல்லு மாறாமல் கன்டனிலை இறங்கிவிடுங்கோ. என்ர மனுசியைச் சேதமில்லாமல் திருப்பித் தந்திடுங்கோ" என்று முணுமுணுத்தார்.

விமானம் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. மிஸஸ் ஃபோங் மெல்லக் கையைத் தட்டினார். வகுப்பார் பைகளைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். பேச்சு அடங்கியது. எல்லா முழங்கால்களும் மெல்ல மடிந்தன. எல்லாக் கைகளும் தம் பாட்டில் எழும்பின. கண்ணுக்குத் தெரியாத குடங்களைத் தூக்கி, வயிற்றோடு அணைத்து, மற்றப் பக்கம் வைத்தார்கள். இடுப்புகள் திரும்பின. பிறகு தோள்கள். தலைகள் கடைசியில் வந்தன. அத்தனை கண்களும் இராசநாயகத்தைப் பார்த்தன, ஒன்றும் அவரைக் காணவில்லை. அத்தனை உள்ளங்கைகளும் காற்றைத் தள்ளிக்கொண்டு அவரை நோக்கி வந்தன.

இராசநாயகம் பின்வாங்கித் தள்ளுவண்டியில் மோதி, அதன்மேலேயே இருந்துவிட்டார். ஆக்லண்ட் முழுக்கக் கிழவி ஏறிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, அடிப்பிடித்த சட்டியில் மணம் கிளம்புவதுபோல, மெல்ல விளங்கத் தொடங்கியது.

யோகராணி கையை இறக்கிவிட்டு வந்தாள்.

"உது... உது கிழவியெல்லே?"

"உது தாய் சீ, அப்பா."

"அப்ப சப்பாத்துக்குள்ளை வெங்காயத்தாள்?"

"நீங்கள் வாங்கின கடையிலைதான் நானும் வாங்கினனான்."

"கிணறு?"

"நீங்கள் ஒரு கிழவியைக் கொண்டுவந்தியள். நான் அவவுக்கு ஒரு கிணறு வெட்டிக் குடுத்தன்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். சுப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். இராசநாயகத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது பயம்தான். அந்த வீடு, அந்த இருட்டு, தரைக்குக் கீழே அந்த மிடறு.

"யோகம், வடிவாச் சொல்லும். மூண்டு கிழமை நான் தனிய நிக்கப்போறன். குசினிக்குக் கீழை கிழவி இல்லைத்தானே?"

யோகராணி அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

"பயப்பிடாதேங்கோ. நீங்கள் மீன்குழம்பு வைக்கப் பழகின அண்டைக்கே அவ போயிட்டா."