ஓடையில் விழுந்த புஸ்வாண லேபிள்

என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று, லேபிள் அச்சடிக்கிற எங்கள் பிரஸ்ஸில் அடிக்கடி சொல்லுவேன். ஆம்பளைகளைத்தான் சொன்னேன்.

தினமும் காலை ஆறரைக்குக் குப்பை வண்டி மணி அடிக்கும். மக்கும் குப்பை பச்சை வாளி, மக்காத குப்பை நீல வாளி. இரண்டையும் தெருமுனைக்குத் தூக்கிப் போவது என் வேலை. அப்படித் தீர்மானித்தது என் மனைவி செல்வலட்சுமி. மற்ற நாள் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி மனுசன் முழித்திருக்கிற நேரமா?

"வீட்டுக்குப் பின்னால ஓடை இருக்கும்போது வண்டி எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஓடை அடைச்சா தண்ணி கண்மாய்க்குப் போகாது. நம்ம அடுப்பங்கரைக்குத்தான் வரும். போன ஐப்பசியில குக்கர் மிதந்தது மறந்துபோச்சாக்கும்?"

மறக்கவில்லை. ஆனால் தூக்கம் வந்ததே! நாலு ஞாயிறாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். மணி அடித்ததும் வாளியோடு கொல்லைப்பக்கம் போவேன். குப்பையைப் பொட்டலம் கட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம் எறிவேன். திரும்பி வந்து படுத்துவிடுவேன். அவள் நம்பிவிட்டாள்.

பொட்டலம் என்றேனே, எங்கள் தெருவில் பாதிப்பேர் அச்சகத்தில் வேலை. அவனவன் பிரஸ்ஸில் வீணாய்ப்போன தாளில்தான் குப்பை கட்டுவோம். பக்கத்து வீட்டு பால்பாண்டி வீட்டுக் குப்பை காலண்டர் தாளில் ராகுகாலத்தோடு போகும். எங்கள் வீட்டுக் குப்பை, நான் அடிக்கிற புஸ்வாண லேபிளில் ஜொலிக்கும்.

அஞ்சாவது ஞாயிறு. இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, குப்பையை வண்டியிலதான போட்டீக?"

"பின்னே? இந்தக் கையாலதான் போட்டேன்."

"அப்பச் சரி. என் மூணு பவுன் செயினை நேத்து லேபிள் தாள்ல சுருட்டி வச்சேன். வச்ச இடம் நெனவில்லை. வண்டிக்கார கற்பகவல்லி அக்கா தங்கமானவுக. ஒரு போன் போட்டுக் கேட்டுருதேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"போன் எதுக்கு? நானே நேர்ல போய்க் கேட்டுட்டு வாரேன்!"

சுவரேறிக் குதித்தேன். ஓடை முழுக்க என் புஸ்வாணங்கள் இளித்தன. இன்றைய பொட்டலம் எது, போன மாதத்துப் பொட்டலம் எது? ஒவ்வொன்றாகக் கரையேற்றிப் பிரித்தேன்.

சுவருக்கு மேலே பால்பாண்டி தலை தெரிந்தது. "ஏலே மாரிக்கண்ணா, அங்கன என்னலே பண்ணுத?"

"ஓடையைச் சுத்தம் பண்ணுதேன்! குடியிருக்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமாலே?"

அந்த நேரம் பார்த்து என் கையில் ஒரு ராகுகாலம் வந்தது. பால்பாண்டி அதைப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அடுத்து நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவரவர் பிரஸ் தாள் அவரவரைக் காட்டிக்கொடுத்தது.

"அள்ளிப் போடாம எதுக்குலே பிரிச்சுப் பிரிச்சுப் பாக்க?" என்றான் பால்பாண்டி.

"மக்குறது வேற, மக்காதது வேற. இதுகூடத் தெரியாதா?"

மதியம் தண்ணீர் நகர ஆரம்பித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செயின் மட்டும் வரவில்லை. அவள் ஆறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டிச் சேர்த்து வாங்கிய செயின். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டவர்களிடம் வேர்வை என்றேன்.

செல்வலட்சுமி மோர்ச் செம்போடு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நிமிர்ந்தேன். அவள் கழுத்தில் செயின் மின்னியது.

"இது... எங்கன இருந்துச்சு?"

"அரிசி டப்பாவுலதான். குப்பையில போட்டேன்னு நான் சொன்னேனா?"

"நான் ஓடையில போட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அடிக்கிற இந்த சீசன் ஆர்டர் லேபிளு, இன்னும் கடைக்கே வரல. ஓடையில மட்டும் வந்துருச்சே!"

மோரை நீட்டினாள். ஓடை மேலே இருக்கிற சின்னப் பாலத்துக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிட்டும் அம்புட்டும் அடைச்சுத்தான் கிடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை என் வளையல் காணாமப் போகும். ஆறரைக்கே எந்திரிச்சிருங்க."