மதுரைக்காரர் கண்

சரவெடி அன்றைக்கும் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மதுரை ஏஜெண்டு ஜெயச்சந்திரன் காதைப் பொத்தியிருந்த கைகளை மெதுவாக எடுத்தார். "வெடிச்சிருச்சா?"

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் மேஸ்திரி சண்முகவேல் குனிந்து திரியைப் புரட்டிப் பார்த்தான். முந்தாநாள் இதே ரகச் சரத்தின் சத்தத்துக்கு ஊர்க் காக்கையெல்லாம் விஸ்வநத்தம் பக்கம் பறந்திருந்தன.

முதலாளி அவனைத் தனியே அழைத்தார். "இந்த அறுபத்திரண்டாம் வருசத் தீபாவளி ஆர்டரு இவரு கையிலதாம்லே இருக்கு. போச்சுன்னா நீ உன் ஊரு மல்லாங்கிணறுக்கே போயி பருத்திக்குக் களை வெட்டு."

சண்முகவேல் கணக்குப்பிள்ளை தேவாசீர்வாதத்திடம் வந்து புலம்பினான். "அந்தாளு கண்ணு சரியில்ல, அண்ணாச்சி."

"கண்ணு பட்டா வெடி நமுக்குமாலே?"

"அவரு வராத நாள்ல ஒண்ணாச்சும் நமுத்திருக்கா? வந்த நாள்ல ஒண்ணாச்சும் வெடிச்சிருக்கா?"

தேவாசீர்வாதம் யோசித்தார். இரண்டுமே உண்மைதான். "கர்த்தரே" என்றார்.

ஏஜெண்டு மறுபடி வந்தார். உபசாரத்தில் சண்முகவேல் குறை வைப்பவனல்ல. அவருடைய வெள்ளை வேட்டியில் கரிசல் புழுதி படாமலிருக்க விடியலிலேயே களத்தில் தண்ணீர் தெளித்தாயிற்று. சம்பங்கி மாலை, கலர் சோடா. இந்தத் தடவை கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி.

"வெயிலு கடுமையா இருக்கு. போட்டுக்கிடுங்க."

சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு, களத்தில் காய்ந்த சரங்களில் ஒன்றை வழக்கம்போல அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு இருமல்.

"கண்ணாடியையும் துளைச்சிருச்சு, அண்ணாச்சி."

அடுத்த முறை உபசாரத்தோடு பரிகாரமும் சேர்ந்தது. களத்தின் நாலு மூலைக்கும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், நடுவில் திருஷ்டிப் பூசணிக்காய். சரம் திரியோடு அணைந்தது.

ஏஜெண்டு நல்ல மனிதர். "வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை வாறேன். அதுக்குமேல என்னைக் குத்தம் சொல்லாதீக" என்று கிளம்பினார், கறுப்புக் கண்ணாடியோடு.

சண்முகவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வருவமா?" என்றார் தேவாசீர்வாதம். இப்போது அவருக்கும் நம்பிக்கை வந்திருந்தது.

தண்ணீர் சுமக்கும் செல்லத்தாய் காலிக் குடத்தை அவர்கள் முன்னால் இறக்கினாள்.

"மேஸ்திரி அய்யா, வெள்ளிக்கிழமையும் அவுக வாறாகன்னா எனக்குத் துணைக்கு ஒரு ஆளு போடுங்க. மத்த நாள்ல தொந்தரவில்ல. அவுக வாற அன்னைக்குத்தான், காயப்போட்ட வெடியச் சுத்தி அம்புட்டுக் களத்தையும் ஒத்தையில நனைச்சு எனக்கு இடுப்பு ஒடியுது."