சரின்னு சொன்னது யாரு?

"காட்டுக்குள்ள யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. கூப்பிடுறது மனுசனா இல்லாமக்கூட இருக்கும்!"

அடிவாரத்துலயே அம்மா ரூல் போட்டுட்டாங்க.

"அம்மா, நாம சர்ச்சுக்குப் போறவங்க."

"அது சர்ச்சுல, ஷெர்லீ... ஏய், பேரச் சொல்ல வச்சிருவ போலருக்கே! இது காடுலா."

எங்க ஊரு ஜாசின்லேருந்து அசஹான் அருவிக்கு அப்பா, அம்மா, கேத்லீன் அக்கா, நான். பிரான்க்ளின் அண்ணன் புக்கிட் காத்தில்லேருந்து தனியா மோட்டார்ல வர்றாரு. ரெண்டு வருஷமா அக்காவோட பழக்கம். கல்யாணத்துக்கு இன்னிக்குக் கேட்டுருவாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அக்கா லிப்ஸ்டிக்க போட்டுப் போட்டு அழிச்சிட்டிருந்துச்சு.

தண்ணி சத்தம் கேட்டதும் ஓடினோம். அப்பா பின்னால எங்கயோ. யம்மா, என்னா கொட்டு கொட்டுது! சாரல் மூஞ்சில பட்டதும் நானும் அக்காவும் குதிச்சோம்.

"கேத்லீன்!"

அக்கா திரும்பிப் பாக்கப் போச்சு. அம்மா அக்கா தலையப் புடிச்சு நேரா வச்சுட்டாங்க.

"அவருதாம்மா!"

"அவரு குரல்லயே கூப்பிடும். ஒனக்கு என்னா தெரியும்?"

"கேத்லீன்! ஏய், கோவமா?"

அக்காவ அம்மா தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க. அண்ணன் தொரத்திட்டு வந்து, பாசில வழுக்கி, தண்ணில தொபுக்குன்னு விழுந்தாரு.

பாவமா இருந்துச்சு. நான் வாயில வெரல வச்சு, ரெண்டு கையையும் வேணாம் வேணாம்னு ஆட்டினேன். பேசாதீங்கன்னுதான் சைகை காட்டுனேன். அக்காவுக்கு அவரே வேணாமாம்னு அவரு எடுத்துக்கிட்டாரு. மூஞ்சே செத்துப் போச்சு.

நேரா எதிர்ப் பாறையில ஏறிட்டாரு. சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு ஒரே கத்து.

"கேத்லீன்! என்னைக் கட்டிக்கிறியா, இல்லியா? பதில் வராட்டி இன்னும் மேல ஏறிக் கேப்பேன்!"

குளிச்சவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. அக்கா வாயத் தொறக்குது, அம்மா ரெண்டு கையாலயும் பொத்திட்டாங்க.

அப்ப, பின்னால மூங்கில் பொதர்லேருந்து மெல்லிசா ஒரு பொம்பளக் குரல்.

"சரிங்க!"

கூட்டமே கை தட்டுச்சு. ஒரு மலாய்க்கார ஆன்ட்டி "தஹ்னியா!"ன்னு வாழ்த்தினாங்க. அண்ணன் சந்தோஷத்துல மறுபடியும் தண்ணிக்குள்ள குதிச்சாரு.

கீழ எறங்கி வந்ததும் அம்மா அக்காவக் கட்டிப் புடிச்சாங்க. "வாயப் பொத்தியும் சொல்லிட்டியேடி, கள்ளி!"

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"அப்ப சின்னவளா?"

"ஐயோ, நான் இல்ல!"

அம்மா மூஞ்சில ரத்தமே இல்ல.

"முடிஞ்சுச்சு. இந்தக் கல்யாணம் வேணாம். சம்மதம் சொன்னது அது. நாளைக்கு அதுவே பொண்ணா வந்து நிக்கும்!"

அக்கா ஓன்னு அழுதுருச்சு. "நானும் சரின்னுதாம்மா சொல்ல வந்தேன்! எனக்கு முந்தி அது சொல்லிருச்சு!"

அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. கடையில நின்னு, தெரியாதவங்களுக்கெல்லாம் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் குடுத்துட்டிருக்காரு. கல்யாணம் வேணாம்னு அவருகிட்ட சொல்லிரப் போறேன்னு அம்மா கெளம்பிட்டாங்க. நான் சத்தமா ஜெபம் சொல்ல ஆரம்பிச்சேன்.

அப்பதான் அப்பா நொண்டி நொண்டி வந்து என் கையப் புடிச்சாரு.

"ஜெபத்த நிறுத்து பாப்பா. பொம்பளக் குரல்ல சொன்னது நான்தான். அவன் இன்னும் மேல ஏறுனா, எறக்கிக் கூட்டிட்டு வர நான்தான ஏறணும்? என் முட்டி தாங்காதுலா!"